அவர்கள் சண்டை போடாத விஷயம்

போன வருடம் எங்கள் ஊர் நூலகத்தின் மாடியில், மாதம் ஒருமுறை கூடும் வாசகர் வட்டத்தில், ஓட்டோ ஸ்ட்ராஸரைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினேன். இருபது பேர் இருந்திருப்பார்கள். ஹிட்லரின் கட்சிக்குள்ளேயே இருந்துகொண்டு ஹிட்லரின் முகத்துக்கு நேரே வாதாடியவர், கட்சி ஜெயிக்கப்போகிற நேரத்தில் அதைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியே வந்தவர், நாடு நாடாக விரட்டப்பட்டவர், அண்ணனைப் பறிகொடுத்தவர் என்று ஒரு வீரக் கதையாகவே சொன்னேன். நன்றாகத்தான் போனது. முடித்ததும் கைதட்டினார்கள், டீ வந்தது. அப்போது பின்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் எழுந்தார். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அவர் வாத்தியார். "தம்பி, நல்லாப் பேசினீங்க. ஒரே ஒரு சந்தேகம். ரெண்டு பேரும் ஓட்டல்ல உக்காந்து ரெண்டு நாள் சண்டை போட்டாங்கன்னு சொன்னீங்களே, அதுல யூதர்களைப் பத்தி என்ன சண்டை போட்டாங்க?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. "அங்க முக்கியமா பொருளாதாரம் பத்திதான் சார் பேச்சு..." என்று ஆரம்பித்து பாதியில் நிறுத்திவிட்டேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. "சரி தம்பி, தெரிஞ்சுக்கலாம்னுதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து, டீயை ஆற்றிக் குடிக்க ஆரம்பித்தார். மடக்க வேண்டும் என்று கேட்ட கேள்வி இல்லை அது. மடக்கக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது எதிர்வாதம் செய்து தப்பித்திருப்பேன். அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து, பேச்சுக்காக எடுத்து வைத்திருந்த குறிப்புகளையெல்லாம் மறுபடி புரட்டிப் பார்த்தேன். நாற்பது நிமிடப் பேச்சில் 'யூதர்' என்ற சொல்லை ஒரே ஒரு இடத்தில்தான் எழுதியிருந்தேன். அதுவும் ஹிட்லரைப் பற்றிச் சொல்லும் இடத்தில். ஓட்டோவைப் பற்றிய பக்கங்களில் அந்தச் சொல்லே இல்லை.

அந்தக் கேள்வி ஒரு வருடமாக என்னை விடவில்லை.

மருந்துக்கடைக்காரரும் அவர் தம்பியும்

ஸ்ட்ராஸர் சகோதரர்கள் பவேரியாக்காரர்கள். அண்ணன் கிரிகோர் 1892இல் பிறந்தவர், லாண்ட்ஸ்ஹூட் நகரில் மருந்துக்கடை வைத்திருந்தார். தம்பி ஓட்டோ 1897. இருவரும் முதல் உலகப்போரில் சண்டை போட்டுத் திரும்பியவர்கள். அதற்கப்புறம் தம்பியின் பாதை கொஞ்சம் கோணலானது. 1919இல் மியூனிக்கில் இடதுசாரிகள் அமைத்த, சில வாரமே நீடித்த சோவியத் குடியரசை நசுக்கிய படையில் ஓட்டோ இருந்தார். அடுத்த வருடமே சமூக ஜனநாயகக் கட்சிக்காரராக, வலதுசாரிகளின் காப் கலகத்தை எதிர்த்து நின்றார். பின்பு அந்தக் கட்சியோடும் கசந்துபோய், 1925இல் அண்ணன் இருந்த நாஜிக் கட்சிக்கு வந்து சேர்ந்தார். அந்த நேரத்தில் கிரிகோர் சாதாரண ஆள் இல்லை. ஹிட்லர் சிறையில் இருந்தபோதும், வெளியே வந்தபின் பல மாநிலங்களில் பேசத் தடை இருந்தபோதும், வட ஜெர்மனியில் ஊர் ஊராகப் போய்க் கட்சியைக் கட்டியவர் அவர்தான். பின்னாளில் ஹிட்லரின் பிரசார மந்திரியான கோயபல்ஸ் அவரிடம்தான் வேலை பார்த்தார். லாண்ட்ஸ்ஹூட்டில் கிரிகோருக்குச் செயலாளராக இருந்த மெலிந்த, கண்ணாடி போட்ட இளைஞனின் பெயர் ஹைன்ரிஹ் ஹிம்லர், பின்னாளில் ஹிட்லரின் போலீசுக்கும் எஸ்.எஸ். படைக்கும் தலைவரானவர்.

இந்த வடக்குக் கூட்டம் 'தேசிய சோஷலிசம்' என்பதில் இருந்த இரண்டாவது சொல்லை உண்மையாகவே நம்பியது. பெரிய ஆலைகள், பெரிய நிலங்கள், வங்கிகள் எல்லாவற்றிலும் அரசுக்குப் பங்கு வேண்டும் என்றார்கள். பழைய அரச குடும்பங்களின் சொத்தை நஷ்ட ஈடு இல்லாமல் பறிக்க வேண்டும் என்று 1926இல் ஜெர்மனியில் எழுந்த கோரிக்கையை ஆதரித்தார்கள். ஹிட்லர் அந்த வருடம் பிப்ரவரி 14 அன்று பாம்பெர்க்கில் கூட்டம் போட்டு, மணிக்கணக்காகப் பேசி, இதற்கெல்லாம் ஒரு முற்றுப்புள்ளி வைத்தார். கோயபல்ஸ் அன்று மனம் உடைந்துபோய் நாட்குறிப்பில் புலம்பினார். ஆனால் சில வாரங்களிலேயே மியூனிக்குக்குப் போய், ஹிட்லரின் காரிலும் கவனிப்பிலும் கரைந்து, அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார். வருடம் முடிவதற்குள் பெர்லினின் கட்சித் தலைவர் பதவி அவர் கைக்கு வந்தது.

ஓட்டோ சாயவில்லை. பெர்லினில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்திய காம்ப் பதிப்பகம் அவர் கையில் இருந்தது. அங்கிருந்து பல பத்திரிகைகள் வெளிவந்தன. ஆலைத் தொழிலாளர் பக்கம் பேசின, வேலைநிறுத்தங்களை ஆதரித்தன, தலைமைக்குப் பிடிக்காததை எல்லாம் எழுதின. அதே பெர்லினில் கோயபல்ஸ் நடத்திய பத்திரிகைக்கும் இவர்களுடையதற்கும் நடுவே தினம் ஒரு சண்டை. 1930 வசந்தத்தில் சாக்சனியில் உலோகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் வந்தது. ஓட்டோவின் பத்திரிகைகள் அதை ஆதரித்தன. அங்கே கட்சிக்குப் பணம் கொடுத்தவர்கள் முகம் சுளித்தார்கள். ஹிட்லர் நேரே பெர்லினுக்கு வந்துவிட்டார்.

சான்சூசி ஓட்டலில் இரண்டு நாள்

1930 மே 21, 22. சான்சூசி ஓட்டல், ஹிட்லர் அப்போதெல்லாம் பெர்லினில் வழக்கமாகத் தங்கும் இடம். முதல் நாள் இருவரும் தனியாகப் பேசினார்கள். இரண்டாம் நாள் கிரிகோர், ருடால்ஃப் ஹெஸ், கட்சியின் பதிப்பாளர் மாக்ஸ் அமான், ஹான்ஸ் ஹிங்கெல் ஆகியோரும் கூட இருந்தார்கள். நடந்ததை ஓட்டோ எழுதிவைத்து, சில வாரங்களுக்குள்ளேயே 'மந்திரி நாற்காலியா, புரட்சியா?' என்ற சிறு பிரசுரமாக அச்சிட்டுவிட்டார். ஒரு தரப்பின் பதிவுதான். சண்டையில் தோற்றுக்கொண்டிருந்தவர் எழுதியது என்பதையும் மறக்கக்கூடாது. ஆனாலும் அதைப் படிக்கும்போது அறையின் நாற்காலிகள் வரை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கும். என் பேச்சின் பாதி நேரம் இந்த அறைக்குள்தான் கழிந்தது.

முதல் சண்டை, தலைவனா கொள்கையா என்பது. ஓட்டோவின் ஆட்களில் ஒருவர், தலைவன் மனிதன், தவறு செய்வான், கொள்கைதான் நிரந்தரம் என்கிற அர்த்தத்தில் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். ஹிட்லருக்கு அதைப் படித்துத்தான் முதலில் கொதித்தது. எங்களுக்குத் தலைவனே கொள்கை, கட்சிக்காரன் தலைவனுக்குத்தான் கீழ்ப்படிய வேண்டும், ஒவ்வொருவனும் கொள்கையைத் தான் புரிந்துகொண்டபடி பேச ஆரம்பித்தால் அது ஜனநாயகமாகிவிடும் என்றார். ஓட்டோ ஒத்துக்கொள்ளவில்லை. தலைவன் சாவான், நோயில் விழுவான், தடம் மாறுவான், அதற்காகக் கொள்கை சாகுமா என்று கேட்டார். அந்தக் கட்சியில், அந்த மனிதரிடம், அந்த வார்த்தையை நேருக்கு நேர் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். இன்றைக்கும் அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அடுத்தது சோஷலிசம். ஓட்டோ நேராகவே கேட்டார்: நாளைக்கே ஆட்சி கைக்கு வருகிறது, நாளன்றைக்கு க்ரூப் குடும்பத்தின் பிரம்மாண்டமான எஃகு ஆலைகளை என்ன செய்வீர்கள்? இப்போது இருப்பது போலவே விட்டுவிடுவீர்களா? ஹிட்லர் தயங்கவே இல்லை. ஆமாம், அப்படியேதான் விடுவேன், ஜெர்மன் பொருளாதாரத்தை அழிக்க எனக்கென்ன பைத்தியமா என்றார். ஆலையை நடத்துகிறவன் திறமையால் மேலே வந்தவன், அந்தத் திறமையே அவன் உயர்ந்த இனம் என்பதற்குச் சான்று, அவனுக்குத்தான் நடத்தும் உரிமை என்பது அவர் வாதம். தொழிலாளிக்குச் சோறும் பொழுதுபோக்கும் போதும், கொள்கையெல்லாம் அவனுக்குப் புரியாது என்றும் சொன்னார். ஓட்டோ தன் கணக்கை எடுத்து வைத்தார்: சொத்தும் லாபமும் உரிமையாளருக்கு 49 சதவீதம், அரசுக்கு 41, தொழிலாளர்களுக்கு 10. ஹிட்லருக்கு அது பச்சை மார்க்சியம். அப்படியானால் நீங்கள் உங்களை சோஷலிஸ்ட் என்று சொல்லிக்கொள்வது சரியில்லையே என்றார் ஓட்டோ.

இந்தப் பகுதியைப் பேசும்போது அன்று மாடியில் இருந்த எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கவனித்தேன். 'நாஜிகளும் சோஷலிஸ்டுகள்தானே, பெயரிலேயே இருக்கிறதே' என்று இப்போதெல்லாம் அடிக்கடி கேட்கிறோம். அந்தக் கேள்விக்கு அந்தக் கட்சியின் தலைவரே 1930இல் ஓர் ஓட்டல் அறையில் பதில் சொல்லியிருக்கிறார். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன், இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

நான் மயங்கிய இடம்

அந்தப் பிரசுரத்தில் இன்னொரு இடம் இருக்கிறது. நான் ஓட்டோவின் பக்கம் சாய்ந்ததற்கு அசல் காரணம் அதுதான் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு இந்த ஒரு வருடம் தேவைப்பட்டது. வெளிநாட்டுக் கொள்கை பற்றிப் பேச்சு வருகிறது. உங்கள் பத்திரிகைகள் இந்தியாவின் விடுதலை இயக்கத்தை ஆதரித்து எழுதுகின்றனவே, இது என்ன கேலிக்கூத்து என்று ஹிட்லர் பாய்கிறார். அது தாழ்ந்த இந்திய இனம் உயர்ந்த ஆங்கிலேய நோர்டிக் (வட ஐரோப்பிய) இனத்துக்கு எதிராகச் செய்யும் கலகம், உலகை ஆளும் உரிமை நோர்டிக் இனத்துக்குத்தான், நம் வெளிநாட்டுக் கொள்கைக்கு அதுதான் வழிகாட்டி என்கிறார். ஓட்டோ மறுக்கிறார். இன உரிமை என்ற பேச்சையே அங்கே அவர் ஏற்கவில்லை.

இந்த உரையாடல் எந்த நாளில் நடந்தது என்று பாருங்கள். 1930 மே 21. காந்தியை அந்த மாதம் 5ஆம் தேதியே கைது செய்துவிட்டார்கள். அதற்கும் முன்னால், ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜியின் பின்னால் நடந்து கிளம்பியவர்கள் 28ஆம் தேதி வேதாரண்யம் போய்ச் சேர்ந்து, 30ஆம் தேதி உப்பள்ளினார்கள். மே 21 காலையில், குஜராத்தின் தராசணா உப்பளத்தை நோக்கிச் சரோஜினி நாயுடு தலைமையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள் வரிசை வரிசையாக நடந்தார்கள். ஒரு வரிசை முன்னேறும், இரும்புப் பூண் போட்ட தடியால் மண்டையில் அடி விழும், சாய்வார்கள், அவர்களைத் தூக்கிக்கொண்டு போவார்கள், அடுத்த வரிசை கை உயர்த்தித் தடுக்காமல் நடந்து வரும். அங்கே இருந்த அமெரிக்க நிருபர் வெப் மில்லர், ஓலைக் கொட்டகையில் கிடத்தப்பட்டிருந்தவர்களை எண்ணிப் பார்த்து 320 பேர் என்று எழுதினார். இரண்டு பேர் இறந்துபோயிருந்தார்கள். அதே தேதியில்தான் பெர்லினில் ஒரு மனிதர் சோபாவில் சாய்ந்துகொண்டு அதைத் தாழ்ந்த இனத்தின் கலகம் என்றார்.

இந்த இரண்டு காட்சிகளையும் சேர்த்துப் பார்த்த நாளில் எனக்குக் கண் கலங்கியது உண்மை. நம் ஊரில் ஹிட்லரைப் பற்றி ஒரு வினோதமான மரியாதை இன்னும் இருக்கிறது. வெள்ளைக்காரனை அடித்தவன், ஆக நமக்கு வேண்டியவன் என்று கல்யாண வீட்டுப் பந்தியில்கூடப் பேசுவார்கள். இந்தியா வேறு யார் கையிலும் இருப்பதைவிட இங்கிலாந்து கையில் இருப்பதையே நான் விரும்புவேன் என்று அவர் தன் புத்தகத்திலேயே எழுதிவைத்ததை யாரும் படிப்பதில்லை. அதனால்தான் ஓட்டோவைக் கண்டுபிடித்தபோது எனக்கு ஒரு புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. அந்த அறையில் நம் பக்கம் பேச ஓர் ஆள் இருந்திருக்கிறார்! செண்பகராமன் பிள்ளை வாழ்ந்துகொண்டிருந்த அதே பெர்லினில், நாஜிக் கட்சிக்குள்ளேயே, காந்தியின் இயக்கத்துக்காக வாதாடிய ஒருவர். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அதற்கு மேல் அவரைப் பற்றி நான் எதையும் தோண்டவில்லை. யார் நம்மை மதித்துப் பேசினாரோ அவர் நல்லவர் என்று என் மனம் தானாகவே முடிவுகட்டிவிட்டது.

வாத்தியார் அந்தக் கேள்வியைக் கேட்டபோது, என் பேச்சில் இந்த இடம் வந்தவுடன் கூட்டம் பலமாகக் கைதட்டி ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது.

பதினான்காவது தீர்மானம்

அப்புறம் நான் செய்தது, ஓட்டோ கட்சிக்குள் இருந்தபோது தன் கைப்பட என்ன எழுதினார் என்று பார்த்தது. பின்னாளில், நாடு கடந்தபிறகு, தன்னை ஆரம்பத்திலிருந்தே ஹிட்லரின் எதிரியாகக் காட்டி அவர் எழுதிய நினைவுகளைத்தான் அதுவரை நம்பியிருந்தேன். அவற்றை ஒதுக்கி வைத்தேன். 1929இல் அவர் 'ஜெர்மன் புரட்சியின் பதினான்கு தீர்மானங்கள்' என்று ஒன்றை வெளியிட்டார். அவருடைய கூட்டத்தின் கொள்கை அறிக்கை மாதிரி அது. முதலாளித்துவத்தை எதிர்க்கிறது, முதல் உலகப்போரில் தோற்ற ஜெர்மனிமேல் சுமத்தப்பட்ட வெர்சேல்ஸ் ஒப்பந்தத்தை எதிர்க்கிறது, விவசாயியின் நிலத்தைப் பற்றிப் பேசுகிறது. கடைசியில் யூதர்கள் வருகிறார்கள். ஃப்ரீமேசன்கள் என்ற ரகசியச் சங்கத்தாரோடும் ரோமின் கத்தோலிக்க அதிகாரத்தோடும் சேர்ந்து ஜெர்மன் ஆன்மாவின் வாழ்வை அழிப்பவர்கள் யூதர்கள், அவர்களோடு ஜெர்மன் புரட்சி போராடும் என்று எழுதியிருக்கிறார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. தலைமைக்கு முதுகை வளைத்து எழுதியதும் இல்லை. தலைமையை எதிர்த்து நின்ற காலத்தில், தன் சொந்தக் கொள்கையாக எழுதியது.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனேன். 1925இன் கடைசியில் ஸ்ட்ராஸர் சகோதரர்கள் கட்சிக்கு ஒரு மாற்றுத் திட்டம் தயாரித்தார்கள். பாம்பெர்க்கில் ஹிட்லர் குப்பையில் போட்டது அதைத்தான். இடதுசாரித் திட்டம் என்று எல்லோரும் எழுதுவது அது. அதிலும் 1914 ஆகஸ்டுக்குப் பிறகு ஜெர்மனிக்கு வந்த யூதர்களை வெளியேற்ற வேண்டும் என்று இருக்கிறது. ஆலையில் தொழிலாளிக்குப் பங்கு கேட்ட அதே தாளில்.

இதைப் படித்தபின் ஓட்டல் அறைக்கு மறுபடி போனேன். கொள்கை, தலைமை, ஆலை, வேலைநிறுத்தம், ரஷ்யா, இந்தியா என்று வரிவரியாகச் சண்டை. இந்தியாவுக்காக இன உரிமையை மறுத்துப் பேசிய அந்த வாய், பக்கத்துத் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் யூதருக்காக அதே மறுப்பைச் சொல்லவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்குள் சண்டையே இல்லை. பத்து வருடங்களாக நான் அந்தப் பக்கங்களைப் படித்திருக்கிறேன். இருக்கிற வாதங்களைத்தான் படித்தேன். வாத்தியார் ஒரே ஒரு முறை என் பேச்சைக் கேட்டு, அங்கே இல்லாத வாதத்தைப் பற்றிக் கேட்டார். நாற்பது வருடம் விடைத்தாள் திருத்தியவர், எழுதாமல் விட்ட கேள்வி எது என்றுதான் முதலில் பார்ப்பார் போல.

1930 ஜூலை 4 அன்று ஓட்டோவின் பத்திரிகையில் 'சோஷலிஸ்டுகள் நாஜிக் கட்சியை விட்டு வெளியேறுகிறார்கள்' என்ற அறிக்கை வந்தது. அதையும் மறுபடி எடுத்துப் படித்தேன். கட்சி முதலாளிகளோடு சேர்ந்துகொண்டது, பதவிக்காகப் பழைய கட்சிகளோடு கூட்டு வைக்கிறது, புரட்சியைக் காட்டிக்கொடுத்தது என்பவைதான் அதன் குற்றச்சாட்டுகள். கட்சி கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவர் அவர். நாங்கள்தான் அசல் தேசிய சோஷலிஸ்டுகள் என்பது அவர் நிலை. வெளியே வந்தபின் ஆரம்பித்த அமைப்புக்கும் 'புரட்சிகரத் தேசிய சோஷலிஸ்டுகள்' என்றுதான் பெயர் வைத்தார். இவ்வளவு வெளிப்படையாக இருந்ததை நான் எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

விலை கொடுத்தவர்கள்

அவருடன் வெளியேறியவர்கள் கொஞ்சம் பேர்தான். பத்து வாரம் கழித்து, செப்டம்பர் 14 தேர்தலில், 12 இடங்கள் வைத்திருந்த நாஜிக் கட்சி 107 இடங்களோடு நாடாளுமன்றத்தின் இரண்டாவது பெரிய கட்சி ஆனது. கொஞ்சம் பொறுத்திருந்தால் ஓட்டோவுக்கு நாற்காலி நிச்சயம். அவர் பொறுக்கவில்லை. இதற்காக அவரை மதிக்கலாமா என்று பலமுறை யோசித்துவிட்டேன். மதிக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. பதவி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கும்போது எழுந்து போகிறவர்கள் எந்தக் கட்சியிலும் அதிகம் இல்லை. எழுந்து போனதற்கான காரணத்தையும் கூடவே சொல்லிவிட்டுத்தான் மதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அண்ணன் கிரிகோர் தம்பியோடு போகவில்லை. தம்பியைப் பகிரங்கமாக விலக்கி வைத்தார். கட்சியின் அமைப்பு முழுவதும் அவர் கையில் இருந்தது. 1932இல் நாடாளுமன்றத்தில் மக்களின் 'முதலாளித்துவ எதிர்ப்பு ஏக்கம்' பற்றி அவர் பேசியதை எதிர்க்கட்சிக்காரர்களே கவனித்துக் கேட்டார்கள். அந்த வருடம் நவம்பர் தேர்தலில் கட்சி 230 இடங்களிலிருந்து 196க்கு இறங்கியது. பிரதமராக வந்த ஷ்லைஷர், துணைப் பிரதமர் பதவியைக் கிரிகோருக்கு நீட்டினார். ஹிட்லர் குறுக்கே நின்றார். டிசம்பர் 8 அன்று கிரிகோர் எல்லாப் பொறுப்புகளிலிருந்தும் விலகிக் கடிதம் கொடுத்துவிட்டு, தனக்கென்று ஓர் அணியைக்கூடத் திரட்டாமல், குடும்பத்தோடு தெற்கே போய்விட்டார். பின்பு பெர்லின் திரும்பி, அரசியலே வேண்டாம் என்று ஒரு மருந்து நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மருந்துக்கடையில் ஆரம்பித்தவர் மறுபடி மருந்துக்கே வந்து சேர்ந்த மாதிரி. 1934 ஜூன் 30 மதியம் ரகசிய போலீசான கெஸ்டாபோ வந்து அழைத்துப் போனது. அன்று மாலையே, பிரின்ஸ் ஆல்பிரெஹ்ட் தெருவில் இருந்த அவர்களுடைய தலைமையகத்தின் சிறை அறையில் சுட்டுக் கொன்றார்கள். தற்கொலை என்று சொன்னார்கள். அந்தக் கட்டடம் ஹிம்லரின் ராஜ்ஜியம். லாண்ட்ஸ்ஹூட்டில் இவருக்குக் கடிதம் தட்டச்சு செய்து கொடுத்த அதே ஹிம்லர்.

ஓட்டோ அதற்கு முன்பே ஆஸ்திரியா வழியாகப் பிராகுக்குத் தப்பியிருந்தார். 'கறுப்பு முன்னணி' என்ற பெயரில் துண்டுப் பிரசுரங்களை எல்லை தாண்டி அனுப்பிக்கொண்டிருந்தார். பிராகுக்குத் தெற்கே, வல்டாவா ஆற்றங்கரையில், ஸ்லாபி ஊருக்குப் பக்கத்தில் ஸாஹோரி என்று ஒரு சின்ன விடுதி. அங்கே ஓட்டோவின் கூட்டாளியான ருடால்ஃப் ஃபோர்மிஸ் என்ற வானொலிப் பொறியாளர் ஓர் அறையில் தங்கி, ரகசிய ஒலிபரப்பி ஒன்றைக் கட்டி, அதிலிருந்து ஹிட்லருக்கு எதிரான செய்திகளை ஜெர்மனிக்குள் அனுப்பினார். 1935 ஜனவரி 23 இரவு, சுற்றுலாப் பயணி போல வந்து தங்கிய எஸ்.எஸ். ஆள் ஆல்ஃபிரெட் நௌயோக்ஸும் கூட்டாளிகளும் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். நௌயோக்ஸ் பின்னாளில் இன்னொரு வானொலி நிலையத்துக்கும் போனார். 1939 ஆகஸ்ட் 31 அன்று, போலந்துக்காரர்கள் தாக்கியதாக நாடகம் ஆடப்பட்ட கிளைவிட்ஸ் நிலையத்துக்கு. மறுநாள் உலகப்போர் ஆரம்பித்தது.

ஃபோர்மிஸின் கதைதான் எனக்கு இந்த மொத்த விஷயத்திலும் விழுங்க முடியாத இடம். ஜனவரிக் குளிரில், ஆள் நடமாட்டம் இல்லாத ஆற்றங்கரை விடுதியில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு, யார் கேட்கிறார்கள் என்றே தெரியாமல் பேசுகிற ஒரு மனிதர். அவர் கொல்லப்பட்டது ஹிட்லரை எதிர்த்ததற்காக, அதில் ஐயமே இல்லை. அவருக்கு மரியாதை செலுத்த எனக்குத் தயக்கமும் இல்லை. ஆனால் அந்த மரியாதையைத் தூக்கிக்கொண்டுபோய் ஓட்டோவின் பதினான்காவது தீர்மானத்தின் மேல் போர்த்தி மூடக்கூடாது. போன வருடம் நான் செய்தது அதைத்தான். அண்ணன் செத்தார், நண்பர் செத்தார், நாடு நாடாக ஓடினார் என்று ஓட்டோ பட்ட பாட்டையெல்லாம் அடுக்கி வைத்தேன். அவ்வளவு பாடு பட்டவரிடம் போய் யூதர்களைப் பற்றி நீ என்ன எழுதினாய் என்று யாருக்குக் கேட்கத் தோன்றும்?

சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், போர்ச்சுகல், பெர்முடா என்று சுற்றி, 1941இல் கனடா போய்ச் சேர்ந்தார். முதலில் நேச நாடுகளுக்கு அவர் ஒரு காட்சிப்பொருள், ஹிட்லரை உள்ளிருந்து அறிந்தவர். சீக்கிரமே அவர்களுக்கு அவர்மேல் நம்பிக்கை போனது, எழுதக்கூடாது பேசக்கூடாது என்று கட்டுப்படுத்தினார்கள். நோவா ஸ்கோஷியாவின் கிராமப்புறத்தில் வருடக்கணக்கில் தங்கியிருந்தார். போர் முடிந்தபின்னும் மேற்கு ஜெர்மனி அவரை உள்ளே விடவில்லை. 1955இல்தான் திரும்ப முடிந்தது. அடுத்த வருடமே ஒரு புதிய கட்சி ஆரம்பித்தார். யாரும் சீண்டவில்லை. 1974 ஆகஸ்டில் மியூனிக்கில் இறந்தார். போனதெல்லாம் போகட்டும் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் அவர் பெயர் இன்னும் சாகவில்லை. 'ஸ்ட்ராஸரிசம்' என்று சொல்லிக்கொண்டு, ஹிட்லரின் பெயரை உச்சரிக்கக் கூச்சப்படுகிற புதிய நாஜிகள் ஐரோப்பாவில் அவரை எடுத்துக்கொண்டார்கள். 1980களில் பிரிட்டனின் தீவிர வலதுசாரிக் கட்சியான நேஷனல் ஃபிரண்டில் ஒரு பிரிவே அப்படி இருந்தது. அந்தக் கட்சி அங்கே யாரை வெளியேறச் சொல்லி ஊர்வலம் போனது? நம்மைப் போன்ற தோல் உள்ளவர்களை. இந்தியாவுக்காக வாதாடிய மனிதரின் பெயரைச் சொல்லிக்கொண்டே.

இதையெல்லாம் படித்து முடித்தபின் ஒருநாள் சாயங்காலம் வாத்தியார் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தார். "சார், போன வருஷம் நீங்க ஒண்ணு கேட்டீங்களே, யூதர்களைப் பத்தி என்ன சண்டைன்னு... ஒரு சண்டையும் இல்ல சார்" என்றேன். அவருக்கு அந்தக் கேள்வியே உடனே நினைவுக்கு வரவில்லை. நான் தீர்மானத்தைப் பற்றியும், 1925 திட்டத்தைப் பற்றியும், நான் ஏன் அதையெல்லாம் தேடாமல் விட்டேன் என்பதைப் பற்றியும் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். உள்ளே திரும்பி இரண்டு காபி கொண்டுவரச் சொன்னார். "அப்ப இன்னொரு தடவ பேசிடுங்க தம்பி. அன்னைக்கு வந்தவங்க எல்லாம் உங்க பேச்சக் கேட்டுட்டுதான வீட்டுக்குப் போயிருக்காங்க" என்றார்.

அடுத்த மாதம் மூன்றாவது ஞாயிறு, அதே மாடியில் பேசுகிறேன். இந்தமுறை பதினான்காவது தீர்மானத்தை முதலில் வாசித்துவிட்டு, அதற்கப்புறம்தான் ஓட்டலுக்குள் போவதாக இருக்கிறேன்.